தரங்கம்பாடியின் கல்லறைகளும் சபைக் குறிப்புகளும்

திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்கங்களின் தீர்மானங்களையும், பேராயர்களின் வாழ்க்கையையும், நிறுவனங்களின் தோற்றத்தையுமே நாடிச் செல்கின்றனர். ஆயினும் ஒரு சபையின் உயிர்ப்பு, அவ்வூரின் பிறப்பு, திருமணம், நோய், மரணம் என்னும் சிறு செய்திகளிலேயே அடங்கியுள்ளது. அச்செய்திகள் இரு வழிகளில் நம்மை வந்தடைகின்றன. ஒன்று, கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் கல். மற்றொன்று, குருமார் எழுதிவைத்த பதிவேடும் கடிதமும். இவ்விரண்டும் ஒரே கதையைக் கூறுவதில்லை. தரங்கம்பாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லறையின்மேல் பற்றுக்கொள்வது விசுவாசத்திற்குப் புறம்பானதன்று. ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினான். யாக்கோபு ராகேலின் கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்தினான். எனினும், மோசேயின் பிரேதக்குழி எவருக்கும் தெரியாது என்று அதே ஆகமங்கள் கூறுகின்றன. ஆகவே கல்லை மதிக்கவும், கல்லில்லாதவரை மறவாதிருக்கவும் வேதம் ஒருங்கே நமக்குக் கற்பிக்கிறது.

தரங்கம்பாடி ஒரு சிறு கடற்கரைப் பட்டணம். 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையால் டேனியர் அங்கே காலூன்றினர். 1701ஆம் ஆண்டு அவர்களுடைய சீயோன் ஆலயம் எழுந்தது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கு வந்திறங்கினர். டென்மார்க் அரசரின் முடியும் பெயர்க்குறியும் முகப்பில் தாங்கிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், சீகன்பால்கு தம் 36ஆம் வயதில் மரித்தார். 1720ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய உடன் ஊழியர் குருண்டலரும் மரித்தார். இருவருடைய உடல்களும் அவ்வாலயப் பீடத்தின் அருகே அடக்கம் பண்ணப்பட்டன. தாங்கள் எழுப்பிய ஆலயமே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. இன்றும் அங்குச் செல்லும் இறையியல் மாணவர் அவ்விடத்தில் மௌனமாய் நிற்பது இயல்பே.

ஆனால் கல்லின் சாட்சியை வரலாற்றாசிரியன் எச்சரிக்கையுடன் கேட்டல் வேண்டும். கல் வெட்டுவதற்குப் பொருள் வேண்டும். எழுத்துப் பொறிக்கக் கைதேர்ந்த கொத்தன் வேண்டும். எனவே தொடக்க காலத்தில் கல் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆளுநர்களும், வணிகர்களும், மிஷனெரிமாருமே. அவர்களுடைய கல்வெட்டுகளும் ஐரோப்பிய மொழிகளில் அமைந்தன. மேலும், கல்லறைக் கல் புகழையே கூறும், குறையைக் கூறாது. சில வேளைகளில் அது தன் இடத்தில் நிற்பதுமில்லை. 1758-59ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டின் உயர்ந்த கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. ஆகையால் முற்றுகை நீங்கியபின் அவை அகற்றப்பட்டு, எழுத்துடைய பலகைக் கற்கள் தூய மரியாள் ஆலய வளாகத்தில் பதிக்கப்பட்டன. அங்கே இன்று கற்கள் உள்ளன. அவற்றின்கீழ் அவற்றிற்குரிய உடல்கள் இல்லை.

இனி ஏடுகளை நோக்குவோம். தரங்கம்பாடி மிஷனெரிமார் தங்கள் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினர். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அவற்றை 1710ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து அச்சிட்டு வெளியிடலானார். ஹாலே அறிக்கைகள் எனப்படும் இவ்வெளியீடு 1772ஆம் ஆண்டு வரை நடைபெற்றது; பின்னர்ப் புதிய வரிசையாகவும் தொடர்ந்தது. அவ்வாண்டில் ஞானஸ்நானம் பெற்றவர் எத்தனை பேர், எந்த உபதேசியார் எந்தக் கிராமத்திற்கு நடந்து சென்றார், யாருடன் என்ன உரையாடல் நிகழ்ந்தது, யார் எவ்வாறு மரித்தார் என்னும் செய்திகள் அவற்றில் நிறைந்துள்ளன. ஒரு சிற்றூர்ச் சபையின் செய்திகளைக் கடல் கடந்த மக்கள் தம் குடும்பச் செய்திபோல் வாசித்து, ஜெபித்து, காணிக்கை அனுப்பினர். காணிக்கை நாடி எழுதப்பட்டவையாதலால் அவற்றிலும் தெரிந்தெடுத்துக் கூறுதல் உண்டு. எனினும் கல்லில் இடம் பெறாத பலர் அங்கே பெயர் பெறுகின்றனர்.

1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அச்சபையின் முதற்கனிகளாக ஐவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அவர்களை நமக்கு அறிவிப்பது கல் அன்று, ஏடே.

இதனினும் ஆழமாகச் சிந்திக்கத்தக்கது இராஜநாயக்கனின் வரலாறு. அவர் பறையர் குலத்தில், உரோமைச் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணி செய்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்ததனால் ஈர்க்கப்பட்டுத் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, உபதேசியாராகத் தஞ்சை நாட்டில் நெடுங்காலம் உழைத்தார். 1733ஆம் ஆண்டு வேளாளராகிய ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றபின், அடுத்த குருவாக இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையினால் திருவிருந்தைப் பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் தயங்குவர் என்னும் அச்சத்தால் அவர் விடப்பட்டார். 1741ஆம் ஆண்டு தியோகு குருவாக்கப்பட்டார். இராஜநாயக்கன் 1771ஆம் ஆண்டு மரிக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார். அவருடைய உழைப்பும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் ஏட்டினாலேயே நமக்குத் தெரியவருகின்றன. கற்களை மட்டும் கொண்டு தரங்கம்பாடியின் வரலாற்றை எழுதுவோமாயின், அவ்வநீதியை நாமும் ஒருமுறை செய்தவர்களாவோம்.

பாளையங்கோட்டையிலும் இவ்வாறே. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேடு 40 பேரின் பெயர்களைத் தருகிறது. அவற்றில் முதலாவது குளோரிந்தா அம்மையாருடையது. அச்சிறு பட்டியல் இல்லையேல், திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தைக் கட்டடங்களிலேயே தேட நேர்ந்திருக்கும்.

பரிசுத்தவான்களின் ஐக்கியத்தை விசுவாசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். அவ்வைக்கியம் கல் பெற்றவர்க்கும் கல் பெறாதவர்க்கும் பொதுவானது. ஆனால் நம் நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களே சாதியின்படி பிரிக்கப்பட்டுள்ளன. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை மொழிந்துகொண்டே பிரேதங்களைப் பிரித்து வைப்பது, அறிக்கைக்கு எதிரான மற்றோர் அறிக்கையன்றோ? இதனை வரலாற்றுப் பொருளாக மட்டும் கருதிவிட இயலாது.

குருமார் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. 1905ஆம் ஆண்டு ஜே. ஜே. காட்டன் என்பவர் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பெரும்பான்மையோர் ஐரோப்பியரே. நம் மக்களுக்குரிய தொகுப்பை ஒவ்வொரு சேகரத்திலும் நாமே தொடங்கலாம். கல்லறைத் திருநாளுக்காகத் தோட்டம் துப்புரவு செய்யப்படும்போது, எழுத்து மங்கிவரும் கற்களைப் பார்த்து வரிக்குவரி படியெடுத்தல் வேண்டும். பழைய கல்லைச் சுரண்டுவதும் சிமெண்டு பூசுவதும் அதன் எழுத்தை அழித்துவிடும். ஆகையால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். படியெடுத்த பெயர்களை அடக்கப் பதிவேட்டுடன் ஒப்புநோக்கி, பதிவேட்டில் இருந்தும் கல் பெறாதவர்களைத் தனியே எழுதிவைத்தல் வேண்டும். அவர்களைப் பற்றி முதியோர் நினைவில் எஞ்சியிருப்பதைக் கேட்டுச் சேர்த்தல் வேண்டும். அவ்விரண்டாம் பட்டியல் முதற்பட்டியலினும் நீண்டதாயிருக்கும். அதனையும் சபையார் முன்பாக ஆண்டுக்கொருமுறை வாசித்தல் தகும்.