கூலி என்னும் சொல்

உழைத்தவனுக்கு அந்தியில் அளந்து போடும் நெல்லுக்கும், எண்ணிக் கொடுக்கும் காசுக்கும் பெயராகத் தொன்றுதொட்டு வழங்கிவரும் ‘கூலி’ என்னும் சொல், முயற்சியின் பயனைச் சொல்ல வந்த வள்ளுவரே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் எடுத்தாளும் அளவுக்குக் கௌரவம் வாய்ந்ததாக இருக்க, ஆங்கிலத்தில் அதே ஓசை மனிதனையே, அதுவும் ஏளனமாக, குறிக்க நேர்ந்தது விசித்திரமான சரித்திரம்.

யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இச்சொல்லுக்குப் பல பிறப்பிடங்களை ஆராய்கிறது. கூர்ஜர தேசத்துக் கோலி என்னும் ஜாதியாரின் பெயர் ஒன்று. தமிழ்க் கூலி ஒன்று. அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல் மற்றொன்று. அகராதி கோலியின் பக்கமே சாய்கிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலுக்குத் தமிழ்க் கூலி தெரியாததன்று; ஆயினும், மேற்குக் கரையில் ஆளின் பெயராகப் புறப்பட்ட சொல் சோழமண்டலக் கரையில் ஊதியத்தின் பெயரோடு கலந்து, இன்னது இன்னதென்று பிரிக்கவொண்ணாமற் போயிற்று என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சீனரோ இவ்வோசையைத் துன்பம், வலிமை எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதினர். சொற்பிறப்பியலுக்கு ஒவ்வாவிட்டாலும், 1847 முதல் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட சீனத் தொழிலாளரின் வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான உரை வேறில்லை.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை 1834இல் ஒழிந்தபின் தோட்ட முதலாளிகள் நாடியது ஒப்பந்தக் கூலிகளை. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து அத்தகையோரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். உணவுப்படி நீங்கலாக, முதல் வருஷத்தில் மாதம் 10 ஷில்லிங். பின்னர் 1895இல் நேட்டால் அரசு செய்த சட்டமோ, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென்றது. மூன்று பவுனாவது அறுபது ஷில்லிங். முதல் வருஷத்துக் கணக்கில் ஆறு மாதக் கூலி! கூலியைப் பறித்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அப்பெயரும் ஒப்பந்தக்காரரோடு நிற்கவில்லை. அதற்கு அஞ்சி முஸ்லிம் வர்த்தகர் தம்மை அராபியர் என்றும், பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றும் சொல்லிக்கொண்டனர். 1893இல் வழக்கு நிமித்தம் அங்கே சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். வெள்ளையர் நம்மவரை அழைக்கக் கைக்கொண்ட இன்னொரு சொல் ‘ஸாமி’; ராமசாமி, முத்துசாமி என்னும் பெயர்களின் வால். சாமி என்றால் எஜமானன் என்பதை அறியாமலே கூவியிருக்கிறார்கள். சமயோசிதமுள்ள இந்தியர், “நான் உமக்கு எஜமானன் அல்லவே!” என்று பதில் சொல்வதுண்டாம்; கேட்டவரில் சிலர் வெட்கினர், சிலர் கையோங்கினர் என்று காந்தியடிகள் தம் சரிதையில் குறிப்பிடுகிறார்.