கெடிலக் கரையில் குறி ஆராய்ந்தவர்

முப்புரம் எரித்த வீரஸ்தலமென்று புராணம் போற்றும் திருவதிகையைத் தழுவிவரும் கெடிலநதி கடலோடு சங்கமிக்கும் தேவனாம்பட்டினத்தில், 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியை நாற்றிசையும் சுட்டு, குண்டு விழுந்த தூரத்தையே எல்லையாகக் கொண்டார்கள். அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அக்காலத்துக் குண்டு குழலுக்குச் சரியாகப் பொருந்தாமல் சற்றே சிறுத்திருந்தமையால், உள்ளே இருபுறமும் மோதி, கடைசி மோதலுக்கேற்பச் சுழன்று கோணலாய்ப் பறந்தது.

1742-ல் பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி அரிய நூல் இயற்றிய பெஞ்சமின் ராபின்ஸ், துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறம் வளைத்துச் சுட்டுப் பார்த்தார்; இடப்பக்கம் புறப்பட்ட குண்டு, சுழற்சியின் வேகத்தால் நடுவழியில் வலப்பக்கம் திரும்பிற்று. என்ன அற்புதமான பரீக்ஷை! கோல்ஃப் மட்டையின் தண்டும் சாய்வும் ஆடுபவரின் உயரத்துக்கும் கைவாக்குக்கும் இசையாதபோது பந்து நேர்வழி தவறுவதும் இதற்கு உறவான காரியமே. மட்டைமுகத்தின் கோணம் பிசகினால் புறப்படும் திசையும் சுழற்சியும் சேர்ந்தே பிசகுகின்றன.

பேரறிஞர் ராபின்ஸ், கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறுப்பேற்று 1750-ல் இந்தியா வந்து, ஐம்பதை எட்டாத பிராயத்தில், 1751 ஜூலை 29 அன்று, அந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலேயே ஜுரத்தால் காலமானார்.