உறையில் இல்லாத பெயர்கள்: பீட்டில்ஸின் மூன்று பாடல்கள் குறித்து

1991இல் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருந்த ஒரு ரிக்கார்டிங் கடையில் வெற்று கேசட் ஒன்றைக் கொடுத்து, பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்பை முழுசாகப் பதிந்து தரச் சொன்னேன். எஸ்டேட்டில் டர்னர் வேலை, இரவு ஷிஃப்ட். காலையில் வாங்கிக்கொண்டு வந்து போட்டுக் கேட்டால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டைக் காணோம். மறுநாள் போய்க் கேட்டேன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "அது வோணாம் தம்பி. நம்ம ஊரு சிதார்தான் அது. அதுக்குப் போய் ஏன் அஞ்சு நிமிஷம்? அந்த எடத்துல வேற ரெண்டு நல்ல பாட்டா போட்டுருக்கேன் பாரு."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். லண்டனிலும் நியூயார்க்கிலும் விவரமறிந்த ரசிகர்கள் பலர் பல காலமாகச் செய்துவந்ததைத்தான் அவரும் செய்தார். அந்தப் பாட்டு வந்ததும் முள்ளைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். இக்கட்டுரை விடுபட்ட அந்த ஐந்து நிமிடத்தையும், அதே கதிக்கு ஆளான வேறு இரண்டு பாடல்களையும் பற்றியது.

மூன்றுமே ஜார்ஜ் ஹாரிசன் எழுதியவை. 'லவ் யூ டூ' (1966), 'வித்தின் யூ வித்தவுட் யூ' (1967), 'தி இன்னர் லைட்' (1968). பீட்டில்ஸ் பற்றி எழுதப்பட்டவற்றில் இவை 'ஹாரிசனின் இந்திய மோகம்' என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிப்போகும். மேற்கத்திய வாசிப்பில் இவை ஊதுபத்தி வாசனை வீசும் அலங்காரங்கள். நம்மவர் வாசிப்போ இதற்கு நேரெதிர் போலத் தோன்றும்: வெள்ளைக்காரனே நம்ம சிதாரைத் தொட்டான், ரவிசங்கர் காலில் விழுந்தான் என்கிற பெருமிதம். உண்மையில் இரண்டும் ஒரே வாசிப்புதான். இரண்டிலுமே பாட்டு கேட்கப்படுவதில்லை. 'இந்தியா' என்ற ஒரு படிமம் மட்டுமே கேட்கப்படுகிறது. அந்தப் படிமத்துக்குப் பின்னால் கூலிக்கு வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனவர்கள் யார் என்று இரு தரப்பும் கேட்டதில்லை.

நானும் கேட்டதில்லை. அப்போது கொரட்டூரில் நாங்கள் சிலர் நடத்திவந்த வாசிப்பு வட்டத்தில், எட்வர்ட் செய்த்தின் 1978ஆம் ஆண்டு நூலை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, இந்தப் பாடல்கள் கீழைத்தேயவியலின் பிரதிகள் என்று ஒரு கட்டுரை வாசித்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அப்போது அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டிருக்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

முதலில் வரலாறு. 'நார்வீஜியன் வுட்' (1965) எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. ராக் இசையில் சிதார் நுழைந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். ஹாரிசன் லண்டன் கடையொன்றில் வாங்கிய சாதாரண சிதார் அது. அந்தப் பதிவின்போது கம்பி அறுந்துபோக, புதுக் கம்பி தேடியதில் 'ஏசியன் மியூசிக் சர்க்கிள்' என்ற அமைப்போடு தொடர்பு ஏற்பட்டது. அதை நடத்தியவர் அயனா அங்காடி, கர்நாடகத்துக்காரர். 1946 முதல் அவரும் அவருடைய ஆங்கிலேய மனைவி பேட்ரிஷியாவும் லண்டனில் அதை நடத்திவந்தார்கள். யெஹுதி மெனுஹின் அதற்குத் தலைவராக இருந்தார். லண்டனில் வேறு வேலை பார்த்துக்கொண்டே தபேலா, தில்ரூபா வாசித்த இந்தியர்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் நடுவே பாலமாக இருந்தது இந்த வட்டம். நம்மூர் வழக்கில் சொன்னால், 'செட்டு' சொல்லி அனுப்புகிற இடம்.

1966 ஏப்ரலில் 'லவ் யூ டூ' பதிவானபோது அங்காடி அனுப்பிவைத்த தபேலாக்காரர் அனில் பாக்வத். தான் யாருக்கு வாசிக்கப் போகிறோம் என்பது தெரியாமலேயே கிளம்பிப் போனவர். பாட்டைக் கவனமாகக் கேட்டால் அது 'நார்வீஜியன் வுட்' போன்றதல்ல என்பது உடனே தெரியும். அங்கே சிதார், கிடார் வாசிக்க வேண்டிய ஒரு மெட்டை வாசித்துவிட்டுப் போகிறது. இங்கே பாட்டின் உடம்பே வேறு. தாளமில்லாத சிறு ஆலாபனை, பிறகு தபேலா சேர்கிறது, கடைசியில் வேகம் கூடி ஓடி மறைகிறது. மேலை இசையின் அச்சாணியான கார்டு மாற்றம் இதில் ஏறக்குறைய இல்லை. ஒரே சுருதியின் மேல் நிற்கிறது. சுர வரிசை நம் கரகரப்பிரியா. மூன்றே நிமிடத்தில் ஒரு பாப் குழு தன் இலக்கணத்தையே கழற்றி வைத்துவிட்டு நிற்பது சாதாரண விஷயமா? 'ரிவால்வர்' தொகுப்பின் உறையில் அனில் பாக்வத் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைத் தன் பாக்கியம் என்று அவர் பின்னாளில் சொன்னார். அன்று அவரோடு வாசித்த வேறு இந்தியர் எவருடைய பெயரும் அந்த உறையில் இல்லை.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி. பட்டாபிராமில் இருந்தார். பகலில் ஆவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார். சாவு விழுந்தால் சட்டி அடிக்கப் போவார். சி.டி.எச். ரோடு நெடுக, திருநின்றவூர் தொடங்கிப் பாடி வரை அவர் அடிக்காத தெரு குறைவு. வாசிப்பு வட்டத்தில் அவரைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. மாமா என்ன பண்றாரு என்று ஒரு தோழர் கேட்டதற்கு 'மார்க்கெட்டில்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். விளிம்பு, மற்றமை என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசிய அதே வாய்தான்.

பெரம்பூரில் இருந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரிடமிருந்து, விடுபட்ட அந்தப் பாட்டைப் பிற்பாடு பதிந்து வாங்கிவந்தேன். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். சிதாரையோ பாடுகிறவனையோ அவர் சட்டை செய்யவில்லை. பாதிப் பாட்டில், குரல் நின்று வாத்தியங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளும் இடம் வந்ததும் தொடையில் விரல் தட்ட ஆரம்பித்தார்.

"நடுவுல அடிய மாத்துறாம் பாரு. அஞ்சஞ்சா போறான். யாருடா அந்தத் தாளக்காரன்?"

"தெரியல மாமா."

"பேரு போட்டுருக்க மாட்டான்?"

அடுத்த வாரமே பெரம்பூருக்குப் போய் அந்த இசைத்தட்டின் உறையைப் பார்த்தேன். பாடல் வரிகள் முழுவதும் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. ராக் உலகில் அது அப்போது புதுமை. முன்பக்கத்தில் அறுபதுக்கு நெருக்கமான முகங்கள்: மார்க்ஸ், மர்லின் மன்றோ, ஆஸ்கர் வைல்ட். ஹாரிசன் விருப்பப்படி நான்கு இந்திய குருமார்கள்: பாபாஜி, லாஹிரி மகாசயர், யுக்தேஸ்வர், யோகானந்தர். காந்தியின் உருவமும் இருந்தது. இந்தியாவில் விற்பனை கெட்டுவிடும் என்று நிறுவனத் தலைவர் ஜோசப் லாக்வுட் பயந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, உறையில் இந்தியா இருக்கிறது. இந்தியச் சந்தை பற்றிய கவலையும் இருக்கிறது. ஆனால் தில்ரூபா வாசித்தவன் பெயர் இல்லை, தம்புரா மீட்டியவன் பெயர் இல்லை, மாமா கேட்ட தாளக்காரன் பெயரும் இல்லை.

'அந்தக் காலத்தில் கூலிக்கு வாசித்த யாருக்குமே பெயர் போடுவதில்லை, இதில் இனம் எங்கே வந்தது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே பாட்டில், தில்ரூபாவின் இழைவுகளை வயலினில் கொண்டுவருவதற்காக ஜார்ஜ் மார்ட்டின் ஸ்வரம் எழுதி, 1967 ஏப்ரல் 3 அன்று எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் சேர்க்கப்பட்டன. அந்தப் பதினொரு பேருடைய பெயரும் உறையில் இல்லைதான். ஆனால் 1988இல் மார்க் லூயிசன், ஸ்டூடியோ ஆவணங்களைக் கொண்டு பீட்டில்ஸின் பதிவுகளை நாள்வாரியாகத் தொகுத்தபோது, எரிக் க்ருயென்பெர்க் தொடங்கிப் பதினொருவர் பெயரும் அதில் வந்துவிட்டது. இந்தியக் கலைஞர்கள் அங்கேயும் 'வட்டத்திலிருந்து வந்தவர்கள்' மட்டும்தான். உறை மறந்தவர்களை ஆவணம் நினைவில் வைத்திருக்கும் என்பது ஒரு சாராருக்கே பொருந்துகிறது. ஆவணக்காப்பகம் என்பதே ஓர் அதிகாரச் செயல்பாடு என்று கோட்பாட்டாளர்கள் எழுதுகிறபோது எனக்கு இந்த ஒரு பாட்டின் கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஐந்து நிமிடம் ஐந்து நொடி ஓடுகிறது அந்தப் பாட்டு. பீட்டில்ஸ் நால்வரில் ஹாரிசன் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதில் இல்லை. ஹரிகாம்போதி சுரங்கள், பதினாறு மாத்திரைச் சுற்று, நடுவே ஐந்துக்கு மாறுகிற அந்த உரையாடல், முடிவில் ஒரு சிரிப்பொலி. தத்துவம் பேசுகிறது என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் வார்த்தைகளை மட்டும் கேட்டவர்கள். வார்த்தைகள் கொஞ்சம் உபதேசம் போலத்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். இசை உபதேசம் பண்ணவில்லை. குரலோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே இழைந்துவரும் தில்ரூபா, பாடுகிறவனைத் தாங்குகிறதா கேலி செய்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு நிலை.

மூன்றாவது பாட்டுதான் மூன்றிலும் அதிகம் கைவிடப்பட்டது. 1968 ஜனவரியில் ஹாரிசன் 'வொண்டர்வால்' என்ற படத்துக்கு இசையமைக்க பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்த வேலையோடு வேலையாக இந்தப் பாட்டுக்கான இசைத்தளத்தையும் அங்கேயே பதிவு செய்தார். அதற்காக இரண்டு டிராக் பதிவுக் கருவியைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. வாசித்தது முழுக்க இந்தியக் கலைஞர்கள். குரல் மட்டும் பிப்ரவரியில் லண்டனில் சேர்ந்தது. சீன ஞானநூலான தாவோ தே ஜிங்கின் ஒரு பகுதியைத் தழுவிய சொற்கள். வாத்தியங்கள் விறுவிறுவென்று ஓடிவந்து நிற்க, அந்த இடைவெளியில் குரல் மிகத் தணிந்து நுழைகிறது. ஷெனாய் நாதஸ்வரத்தின் வடக்கத்திப் பங்காளி. கல்யாண வீட்டு வாத்தியம். அதை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு துள்ளலோடு நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மார்ச் 15 அன்று அது வெளிவந்தது 'லேடி மடோன்னா' இசைத்தட்டின் பின்பக்கமாக. ஹாரிசன் பாட்டு ஒன்று பீட்டில்ஸின் தனித்தட்டில் இடம்பிடித்தது அதுவே முதல் முறை. குழு இயங்கிய காலத்தில் எந்தத் தொகுப்பிலும் அது சேர்க்கப்படவில்லை. தட்டைத் திருப்பிப் போடாதவனுக்கு அந்தப் பாட்டே கிடையாது. சின்னத் தட்டு, லேபிளில் இடமும் கொஞ்சம். வாசித்தவர் பெயர் அதில் இல்லை. ஆனால் அதே பம்பாய் நாட்களில் பதிவான 'வொண்டர்வால்' இசைத்தட்டின் உறையில் ஆஷிஷ் கான், மகாபுருஷ் மிஸ்ரா, சிவகுமார் சர்மா என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஹாரிசன் தன் பெயரில் தனியாக வெளியிட்டபோது செய்ய முடிந்ததை, பீட்டில்ஸ் என்ற பண்டத்தில் செய்ய முடியவில்லை, அல்லது செய்யத் தோன்றவில்லை. எனவே மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை நமக்கு உதவாது. குழு பெரிதாகப் பெரிதாக, வாசித்தவன் சிறிதாகிக்கொண்டே போகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

(1974இல் ரவிசங்கர் குழுவோடு ஹாரிசனின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் எல். சுப்ரமணியமும் டி.வி. கோபாலகிருஷ்ணனும் சென்றார்கள். பின்னவர் இளையராஜாவுக்குக் கர்நாடக இசை கற்பித்தவர். சென்னை சபா வட்டாரத்தில் இது தெரிந்த சேதி. இந்தப் பெயர்கள் தொலையாததற்குக் காரணம், இவற்றுக்கு முன்பே ஒரு மேடை இருந்தது.)

மாமா 2009இல் இறந்தார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் எங்கள் குடும்பத்தார் பெயர், வட்டச் செயலாளர் பெயர், நண்பர்கள் குழு எல்லாம் இருந்தது. அன்றைக்கு வந்து இரவு முழுக்க அடித்த பையன்களின் பெயரைப் போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. 'செட்டு வந்துடுச்சா?' என்றுதான் நானும் கேட்டேன். காசையும் பாட்டிலையும் ஒருத்தன் கையில் கொடுத்து, நீங்களே பிரிச்சிக்கோங்கப்பா என்று சொல்லி அனுப்பினேன்.

2017இல், சார்ஜன்ட் பெப்பரின் ஐம்பதாம் ஆண்டில், லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வின் வழியாக அந்தப் பெயர்கள் வெளியே வந்தன. தில்ரூபா: அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார். தம்புரா: புத்ததேவ் கன்சாரா. தபேலா: நட்வர் சோனி. மாமா கேட்டு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அதற்கடுத்த ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. அதைத் தொடங்கிய பா. ரஞ்சித் எங்கள் ஆவடிக்குப் பக்கத்துக் கரலப்பாக்கத்துக்காரர். இசை தென்மா. பெயர் அயோத்திதாசரிடமிருந்து எடுத்தது. கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சட்டியும் மோளமும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு. இந்தக் குழுவைப் பற்றி வந்த எழுத்துகளும் பெரும்பாலும் வார்த்தைகளைப் பற்றியவைதான்: மாட்டுக்கறி, இட ஒதுக்கீடு, பின்னர் ஐயப்பன் பாட்டு சர்ச்சை. அந்தச் சட்டி எந்த நடையில் போகிறது, எங்கே திரும்புகிறது என்று எழுதிய ஒரு விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அதை எழுதத் தெரிந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தார். எழுதப் படிக்க மட்டும் தெரியாது.

அம்பத்தூர் கடைக்காரர் பதிந்து கொடுத்த கேசட் இன்னும் இருக்கிறது. உள் அட்டையில் அவர் கையெழுத்தில் பாட்டு வரிசை. இரண்டாம் பக்கத்தில் முதல் வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. பாட்டின் பெயரையும் அந்த நான்கு பெயர்களையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நட்வர் சோனிக்கு மட்டும் அடிக்கோடு.