பாத்திக்கு ஒரு கூரை

ரோமப் பேரரசைக் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் மன்னருக்கு ஒரு காயின்மீது தீராத ஆசை. அக்காய் இல்லாத நாளே அவருக்குக் கிடையாது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். கோடையில் கவலையில்லை. பனிக்காலத்தில் என்ன செய்வது? அரண்மனைத் தோட்டக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பாத்திகளுக்குச் சக்கரம் பூட்டினார்கள்! வெயில் வரும் பக்கம் உருட்டிச் சென்றார்கள்; குளிர் மிகுந்தபோது உள்ளே தள்ளி, ஒளி புகும் கல் பதித்த சட்டங்களின் பாதுகாப்பில் வைத்தார்கள்.

ஒளி புகும் கல்லா என்று வியக்கிறீர்களா? அது ஜிப்சத்தின் ஒரு வகைப் படிகம். அபிரகத்தைப் போலவே ஏடு ஏடாகப் பிரியும். ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து அதை வெட்டி எடுத்தார்கள். அந்தக் காயும் நீங்கள் உண்ணும் வெள்ளரி அன்று. முலாம்பழத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு நீண்ட காயாக இருக்கலாம் என்பதே இன்றைய தாவரவியலார் சிலரின் கருத்து. உண்மையான வெள்ளரியின் தாயகம் நம் இமயமலை அடிவாரம்.

மன்னருக்குத்தான் சக்கரமும் படிகமும். அதே நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா எளிய முறை ஒன்றையும் சொல்கிறார். கூடையில் எருவும் மண்ணும் நிரப்பி விதை ஊன்றுங்கள். வெயில் நாளில் காற்று அடிக்காத சுவரோரம் வையுங்கள். குளிர் வந்தால் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். எனக்கென்னவோ அரசரின் சக்கரப் பாத்தியைவிட இந்தக் கூடைதான் பிடித்திருக்கிறது.

இக்கலை உச்சத்தை எட்டியது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரில்தான். அங்குக் காய்கறி பயிரிட்டவர்கள், கோயில் மணியைக் கவிழ்த்தாற்போன்ற கண்ணாடிக் கூடுகளை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார்கள். செடிகளின்மேல் அவற்றைக் கவிழ்த்து, கடுங்குளிரிலும் கீரை வளர்த்தார்கள். பாத்தியின் அடியில் குதிரை இலத்தியைக் கனமாகப் பரப்புவார்கள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் வெளியிடும் வெப்பம் வேரைச் சூடாக வைத்திருக்கும். ஊரில் வண்டிக் குதிரைகளுக்கா பஞ்சம்! ஆண்டுதோறும் எருவிட்டு அவர்கள் உருவாக்கிய மண் அவர்களுக்கே சொந்தமாம். குத்தகை முடிந்து வெளியேறும்போது, குறிப்பிட்ட ஆழம்வரை மண்ணையே வெட்டி எடுத்துச் செல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்ததாகக் குரோப்போட்கின் எழுதுகிறார். பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன, குதிரைகள் குறைந்தன, இலத்தியும் போயிற்று.

அந்த மணிகளில் ஒரு தொல்லை இருந்தது. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றையும் தூக்கி, விளிம்பின் கீழ்க் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். மறந்தால் செடி வெந்துவிடும். சிறிது தூக்கினாலே சூடு இறங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பெரிய கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

கண்ணாடிக்குள் ஏன் சூடேறுகிறது? நான் பள்ளியில் படித்த விளக்கம் இது: சூரிய ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே வருகிறது, மண் சூடாகி அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது, அவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1909இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்குப் பாறை உப்புத் தகட்டு மூடி. பாறை உப்பு அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்காது. பழைய விளக்கம் சரியென்றால் உப்பு மூடிய பெட்டி குளிர்ந்திருக்க வேண்டுமல்லவா? இரண்டுக்கும் விழும் வெயிலை முதலில் வேறொரு கண்ணாடி வழியாகச் செலுத்திப் பார்த்தபோது, இரண்டிலும் வெப்பம் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை எனலாம். சூடான காற்று மேலெழுந்து தப்பிப் போகாமல் மூடி தடுப்பதுதான் முதன்மையான காரணம். கதிரைத் தடுப்பதற்கும் பங்கு உண்டு. ஆனால் பகலில் அது சிறியது.

இரவில் கதை மாறுகிறது. இங்கேதான் பாலிதீன் வருகிறது. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தியபோது, எதிர்பாராமல் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கிடைத்தது. அதுவே பாலிதீன். போர்க்காலத்தில் அது ரேடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1948இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எம்மெர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடியின் விலை கட்டுப்படியாகாததால், செல்லுலோசிலிருந்து செய்த மெல்லிய தாளை மரச்சட்டத்தில் பொருத்திச் செடிவீடு கட்டினார். பின்னர் பாலிதீன் மலிவாகக் கிடைத்தது. மன்னரின் படிகச் சட்டம் செய்த வேலை ஏழைக் குடியானவனுக்கும் எட்டியது.

ஆனால் பாலிதீன் மண்ணின் வெப்பக் கதிர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில், மூடிய பாத்தி சில வேளை வெளியைவிடக் குளிர்ந்துவிடுவதும் உண்டு! பாரிஸ் தோட்டக்காரர்கள் கண்ணாடி இருந்தும் இரவில் அதன்மேல் வைக்கோல் பாய் விரித்தார்கள். நீங்கள் பாலிதீனின்மேல் கோணிச் சாக்கு விரிக்கலாம்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் கணக்கு எளிது. மேட்டுப்பாத்தியின் அகலம் ஒரு மீட்டர் என்போம். அதன்மேல் அரைவட்டமாக வளையும் மூங்கில் பிளாச்சின் நீளம் ஏறத்தாழ 157 செ.மீ. இருபுறமும் மண்ணில் 20 செ.மீ. புதைக்க வேண்டுமாகையால், 2 மீட்டர் நீளமுள்ள பிளாச்சுகளாக வெட்டுங்கள். மீட்டருக்கு ஒன்றாக ஊன்றி, உச்சியில் நீளவாக்கில் ஒரு கழியைக் கட்டுங்கள். 2 மீட்டர் அகலத் தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணிட்டு மூடுங்கள். கூட்டின் நடு உயரம் அரை மீட்டர் இருக்கும். கீரைக்கும் நாற்றுக்கும் அது போதும். உள்ளே ஒரு வெப்பமானியைச் செடி நிழலில் தொங்கவிடுங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் ஓரத்தைத் தூக்குங்கள்.

இது உதகை போன்ற உறைபனி விழும் ஊர்களுக்கு. சமவெளி வெயிலில் பாலிதீனால் மூடினால் செடி ஒரே நண்பகலில் கருகிவிடும். அங்கே அதே பிளாச்சுகளின்மேல் கொசுவலைத் துணியைப் போர்த்துங்கள். காற்று தாராளமாகப் போய்வரும். பூச்சியும் கோழியும் அண்டா. வெள்ளரி பூத்ததும் காலை வேளையில் வலையை ஒதுக்கிவிடுங்கள். தேனீ உள்ளே வராவிட்டால் காய் பிடிக்காது.