பின்னிலம் இல்லாத துறை: தனுஷ்கோடி

மதுரையிலிருந்து விருதுபட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின், 1923-இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்த விருதுபட்டி, கரிசல் பருத்தியும் மிளகாய் வற்றலும் வந்து குவியும் சந்தையாக வளர்ந்தது. அங்கு அழுத்திக் கட்டப்பட்ட பஞ்சுப் பேல்கள் தூத்துக்குடியில் தோணிகளில் ஏற்றப்பட்டு, கரையோரம் ஆழமில்லாமையால் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைச் சென்றடைந்தன. கொழும்புக்குச் செல்லும் தபாலும் பயணிகளும் இதே தடத்தில்தான் சென்றனர். தனுஷ்கோடி ஒரு துறைமுகமாக எழுந்தது, இந்தத் தபாலையும் பயணிகளையும் விருதுநகர் வழியிலிருந்து திருப்பிவிட்டதன் விளைவாகும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், இராமேசுவரம் தீவின் கிழக்கு நுனியில் சேது நீராடலுக்கு மட்டுமே பெயர்பெற்றிருந்த மணல்திட்டான தனுஷ்கோடிவரை ரயில் ஓடலாயிற்று. மார்ச் 1 முதல், அங்கிருந்து சுமார் 22 மைல் தொலைவிலுள்ள தலைமன்னாருக்குத் தென்னிந்திய ரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் சென்றன. ஜெட்டி எனப்படும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய இறங்குதுறைவரை தண்டவாளம் போடப்பட்டிருந்தமையால், சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கி ‘போட் மெயில்’ ஏறியவர், துறையில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலில் ஏறி, மறுகரையில் காத்திருந்த ரயிலில் கொழும்பு சென்றடைய முடிந்தது. சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய தேவாலயம் என ஊர் பெருகிற்று. எனினும் அதன் உயிர்நாடி ரயில்வேயின் கால அட்டவணையே.

பயணிகளை இழந்த தூத்துக்குடி தளரவில்லை. துறைமுகத்துக்குச் சரக்கு தரும் உள்நாட்டுப் பகுதியைப் பின்னிலம் என்பர். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எனப் பருத்திச் சீமை முழுவதும் தூத்துக்குடிக்குப் பின்னால் நின்றது. தனுஷ்கோடிக்குப் பின்னால் இருந்ததோ மணலும் பாலமும். இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் அதன் அழிவைப் புயலின் கணக்கில் மட்டுமே எழுதுவது, சோகக்கதைக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் போதாது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடலலை கவிழ்த்தது. ஊரும் துறையும் அழிந்தன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் பாம்பன் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. அதற்கு அப்பால் தனுஷ்கோடிவரை இருந்த பாதை மீண்டும் போடப்படவில்லை. ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, 1980-களில் போர்ச்சூழலால் அதுவும் நின்றது. தூத்துக்குடியோ 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

2017-இல் தீவின் நுனியான அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டதிலிருந்து, மீனவர் குடிசைகள் மட்டும் எஞ்சிய தனுஷ்கோடி விடுமுறைக்காரர்களின் இடமாகிவிட்டது. கூரையிழந்த தேவாலயச் சுவர்களுக்கு அருகே ஓலைக் கடைகளில் சங்கு மாலையும் பொரித்த மீனும் விற்கின்றன. ரயில் எஞ்சினுக்கு நீர் நிரப்பிய தொட்டியின் தூண்களைப் பலர் கோயில் இடிபாடென எண்ணிப் படமெடுத்துச் செல்வதில் வியப்பில்லை. இலங்கைக்கான பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கப்பட்டபோது, அது புறப்பட்டது நாகப்பட்டினத்திலிருந்து.