ஹாலிபட் மீனின் நூறாண்டுக் கணக்கு

1923-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்கத் தரப்பில் வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் ஒப்பமிட்டார். மறுதரப்பில் ஒப்பமிட்டவர் கனடாவின் மீன்வள அமைச்சர் எர்னஸ்ட் லாப்வாண்ட். அவர் பெயருக்கருகில் இன்னொரு பெயரும் இருந்திருக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். கனடா பிரிட்டிஷ் பேரரசின் டொமினியன்களுள் ஒன்றாதலால், அயல்நாட்டோடு அது செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் தூதரும் ஒப்பமிடுவார். தூதர் ஆக்லண்ட் கெடஸும் அதற்கு ஆயத்தமாகவே இருந்தார். கனடியப் பிரதமர் மெக்கென்சி கிங் இணங்கவில்லை. லாப்வாண்ட் தனியாகவே கையெழுத்திட்டார். கனடா தன் பெயரில் தானே செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் என்று வரலாற்று நூல்கள் இதனைச் சிறப்பித்துக் கூறும். 1931-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்கு இட்டுச்சென்ற படிகளுள் ஒன்றாகவும் வைத்து எண்ணும்.

அந்த ஒப்பந்தம் எதைப் பற்றியது என்பதைப் பெரும்பாலான நூல்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது ஹாலிபட் என்னும் மீனைப் பற்றியது. நாம் இங்கே அரசியலை அதன் போக்கில் விட்டுவிட்டு மீனின் பின்னே சற்றுத் தொலைவு செல்லவிருக்கிறோம்.

ஹாலிபட் தட்டை மீன் இனங்களுள் மிகப் பெரியது. குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப் போல் பக்கத்துக்கொரு கண்ணுடன் நிமிர்ந்தே நீந்தும். சில மாதங்களில் இடக்கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கம் வந்து சேர, மீனும் ஒருபுறமாகச் சாய்ந்து கடலடியில் கிடக்கத் தொடங்குகிறது. பெண்மீன் எட்டடி நீளமும் 500 பவுண்டு எடையும் எட்டக்கூடும். ஐம்பதாண்டைக் கடந்து வாழ்ந்த மீன்களும் உண்டு. இது குளிர்கடலுக்குரியது, நம் கடலில் இல்லை. 'இந்திய ஹாலிபட்' என்று வணிகர் வழங்கும் மீன் வேறோர் இனம். ஆனால் அதன் அறிவியற்பெயரான 'செட்டோடஸ் எருமெய்' என்பதில் ஒளிந்திருப்பது நம் 'எருமை'தான். தரங்கம்பாடியில் அம்மீனுக்கு வழங்கிய 'எருமைநாக்கு' என்ற பெயரையே 1801-இல் ஐரோப்பியர் இலத்தீனில் ஏற்றினர். தமிழ் படித்தவர்க்கு இதைச் சொல்லாமல் நகர மனம் வருவதில்லை, பொறுத்தருள்க.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் மக்கா, ஹைடா, டிளிங்கிட் முதலிய பழங்குடி மக்கள் ஹாலிபட்டைப் பன்னெடுங்காலமாகப் பிடித்து, உலர்த்தி, குளிர்காலத்துக்கு வைத்து உண்டு வந்தனர். மரத்தாலான அவர்களுடைய தூண்டில் கொக்கிகளுள் பல, சிற்ப வேலைப்பாடு மிக்கவை. இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அக்கொக்கியின் வாயளவு மிகச் சிறிய மீனையும் மிகப் பெரிய மீனையும் தவிர்த்து நடுத்தர மீனையே கவ்வுமாறு அமைந்திருந்தது. அளவுக் கட்டுப்பாடு என்பதை எழுத்தில் வடிக்காமல் கருவியிலேயே வைத்திருந்தனர் எனலாம்.

வணிக மீன்பிடிப்பு 1888-இல் தொடங்கிற்று. அட்லாண்டிக் கரையின் நியூ இங்கிலாந்து மீனவர் தங்கள் பக்கத்து ஹாலிபட்டை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டிருந்த காலம் அது. பசிபிக் கரை வரை இரயில் பாதை எட்டியிருந்தது. அங்கிருந்து வந்த பாய்க்கப்பல்கள் வாஷிங்டன் கரைக்கு அப்பால் பிடித்த மீன், பனிக்கட்டியில் இடப்பட்டு டகோமாவிலிருந்து இரயிலேறிக் கண்டத்தைக் கடந்து பாஸ்டன் சந்தையை அடைந்தது. பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் சியாட்டிலிலும் அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க்கிலும் படகு கட்டினர். 1914-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தை இரயில் அடைந்தது. 1915-இல் பிடிப்பு சுமார் 6 கோடியே 90 இலட்சம் பவுண்டு. இது தலையும் குடலும் நீக்கிய எடை.

அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசுக்காக ஹாலிபட்டை ஆராய்ந்துகொண்டிருந்தவர் வில்லியம் எஃப். தாம்ப்சன் என்னும் இளைஞர். மொத்தப் பிடிப்பை மட்டும் பார்ப்பவன் ஏமாந்துபோவான் என்பதை அவர் கண்டார். பழைய மீன்தளங்கள் வற்றியபோது கப்பல்கள் மேலும் வடக்கே, மேலும் தொலைவுக்குச் சென்று பழைய அளவை நிரப்பிக்கொண்டிருந்தன. ஆகவே அவர் வேறோர் அளவையை எடுத்துக்கொண்டார். நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகளைக் கட்டிக் கடலடியில் இடும் தூண்டிலின் ஓர் அலகுக்கு 'ஸ்கேட்' என்று பெயர். ஒரு ஸ்கேட்டுக்கு எத்தனை பவுண்டு மீன் என்று மாலுமிகளின் நாட்குறிப்பேடுகளைப் புரட்டிக் கணக்கிட்டார். தெற்கேயுள்ள பழைய தளங்களில் அது 1906-இல் சுமார் 300 பவுண்டாக இருந்தது. 1926-இல் 50 ஆகிவிட்டது.

1923-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரண்டு காரியங்களைச் செய்தது: நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை மூன்று மாதம் மீன்பிடிப்பைத் தடை செய்தது, இரு நாட்டுக்கும் பொதுவான ஓர் ஆணையத்தை அமைத்தது. தாம்ப்சன் அதன் முதல் இயக்குநரானார். குளிர்காலத் தடையை மீனவரும் வணிகருமே விரும்பிக் கேட்டிருந்தனர். அது முட்டையிடும் பருவம், கடலும் கொடியது. ஆயினும் தடையால் பயன் விளையவில்லை. மூன்று மாதம் சும்மா இருந்தவர்கள் எஞ்சிய ஒன்பது மாதத்தில் கூடுதலாகப் பிடித்தனர். ஆணையம் மீன்களுக்கு அடையாளவில்லை இட்டுக் கடலில் விட்டு அவை எங்கெங்குச் செல்கின்றன என்று பார்த்தது. செவிக்கல்லின் வளையங்களை எண்ணி வயது அறிந்தது. முடிவில், காலத்தை அல்ல, பிடிக்கும் அளவையே கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டது. 1930-இல் கையெழுத்தான புதிய ஒப்பந்தம் அதற்கு இடமளித்தது. 1932 முதல் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஆண்டுப் பிடிப்பு வரம்பு விதிக்கப்பட்டது. வரம்பு நிறைந்ததும் அப்பகுதி மூடப்படும்.

மீன் பெருகியது. ஸ்கேட்டுக்குக் கிடைக்கும் எடை உயர்ந்தது. வரம்பும் படிப்படியாக உயர்ந்து, 1962-இல் பிடிப்பு சுமார் 7 கோடியே 50 இலட்சம் பவுண்டைத் தொட்டது. மனிதன் கணக்குப் போட்டுக் கடலைக் காத்ததற்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் இது பேசப்பட்டது.

இப்புகழுக்கு நடுவே 1948-இல் மார்ட்டின் பர்கன்ரோடு என்ற அறிஞர் ஓர் ஐயத்தை எழுப்பினார். மீன் குறைந்ததும் கூடியதும் மீன்பிடிப்பின் ஏற்ற இறக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்தவில்லை. கடலின் இயற்கையான மாறுதலும் காரணமாக இருக்கலாமே என்றார் அவர். தாம்ப்சன் விடையிறுத்தார். அறிவியலாளர் இரு அணியாயினர். பர்கன்ரோடு சொன்னதைப் பலர் ஒழுங்குமுறைக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது. மருந்து கொடுத்தோம், நோய் நீங்கிற்று. ஆகவே மருந்தே நீக்கியது என்று சொல்லிவிட முடியுமா என்பதே அவர் கேள்வி. வடபசிபிக்கின் வெப்பநிலை பதிற்றாண்டுக் கணக்கில் ஊசலாடுவதை அறிஞர்கள் 1990-களில் விளக்கினர். ஹாலிபட் குஞ்சுகள் மிகுவதும் குறைவதும் அவ்வூசலாட்டத்தோடு இணைந்திருப்பதும் அதன்பின் தெளிவாயிற்று. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது என்பதே இன்றைய நிலை. எனினும் பர்கன்ரோடின் பெயரை மீன்வளத் துறைக்கு வெளியே அறிந்தவர் அரிது.

வரம்பு மீனைக் காத்த அளவுக்கு மீனவரைக் காக்கவில்லை. மொத்தம் இவ்வளவு என்று ஆணையம் சொன்னது. யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. ஆகவே மற்றவன் பிடிக்குமுன் நான் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் தொடங்கிற்று. படகுகள் பெருகின, பெரிதாயின, விரைவாயின. கனடியப் பொருளியலறிஞர் ஸ்காட் கோர்டன் 1954-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இக்கணக்கு வருகிறது: 1933-இல் மீன்பிடி பருவம் ஆறு மாதத்துக்கும் மேல் நீடித்தது, 1952-இல் தெற்குப் பகுதியில் 26 நாளிலும் அலாஸ்காப் பகுதியில் 60 நாளிலும் வரம்பு தீர்ந்துவிட்டது. கூடுதல் படகும் எரிபொருளும் உழைப்பும் முன்பு கிடைத்த அதே மீனுக்காகச் செலவாயின. மீனவர்கள் தாமே கூடி, ஒரு பயணம் முடிந்தால் இத்தனை நாள் கரையில் தங்கிவிட்டுத்தான் மீண்டும் புறப்படுவது என்று விதி செய்துகொண்ட காலமும் உண்டு. அரசு வகுக்காத அவ்விதியை நாம் மிக மதிக்கிறோம். அது நிலைக்கவில்லை என்பது வேறு.

1960-களில் ஜப்பானிய, சோவியத் இழுவைக் கப்பல்கள் வடபசிபிக்கில் பெருகின. வேறு மீனுக்காக அவை இழுத்த மடியில் ஹாலிபட் குஞ்சுகளும் அகப்பட்டு மடிந்தன. 1974-இல் ஹாலிபட் பிடிப்பு சுமார் 2 கோடியே 10 இலட்சம் பவுண்டாக விழுந்தது. பின்னர் இரு நாடுகளும் 200 கடல்மைல் எல்லையை அறிவித்தன. அயல்நாட்டுக் கப்பல்கள் மட்டுமன்றி, அதுவரை அண்டை நாட்டின் நீரிலும் தடையின்றி மீன்பிடித்து வந்த கனடியரும் அமெரிக்கரும்கூட 1979-இல் அவரவர் பக்கம் திரும்ப நேர்ந்தது. மீன் மீண்டும் பெருகியது, படகுகளும் பெருகின.

பழைய ஓட்டம் இப்போது வெறியாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980-இல் 65 நாள் நீடித்த பருவம் 1990-இல் 6 நாளாகக் குறுகிற்று. அலாஸ்காவிலோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். இதனைப் பந்தயம் என்றே மக்கள் அழைத்தனர். நாள் முன்கூட்டியே குறிக்கப்படும். அன்று புயலானாலும் புறப்பட்டாக வேண்டும். தவறினால் ஆண்டு வருமானம் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் ஒரே நாளில் இறங்கின. உறக்கமின்றி மீனை ஏற்றியவர்கள், தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றிக் கவிழ்ந்தனர். சிலர் திரும்பவே இல்லை. நேரம் முடிந்ததும் மீட்க முடியாத தூண்டில் கயிறுகளை அறுத்து விட்டனர். அவை கடலடியில் கிடந்து ஆளின்றி மீனைக் கொன்றன. கரையில் ஒரே நாளில் குவிந்த மீனுக்கு விலையில்லை. பெரும்பகுதி உறைபதனக் கிடங்குக்குப் போயிற்று. மீன் அழிந்துபோகாமல் காத்த அதே ஆணை மனிதரைக் கடலில் அலைக்கழித்ததை நாம் வரம்பின் வெற்றிக் கதையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தீர்வாக வந்தது தனிநபர் பங்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1991-லும் அலாஸ்காவில் 1995-லும் மொத்த வரம்பு விழுக்காடுகளாகப் பிரித்தளிக்கப்பட்டது. உன் பங்கை மார்ச் முதல் நவம்பர் வரை நீ விரும்பும் நாளில் பிடித்துக்கொள்ளலாம். பந்தயம் நின்றது. விபத்துகள் குறைந்தன. ஆண்டில் எட்டு மாதம் புதுமீன் சந்தைக்கு வந்தது, விலையும் உயர்ந்தது. இவை மறுக்க இயலாத நன்மைகள்.

ஆனால் பங்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது? அலாஸ்காவில் 1988 முதல் 1990 வரை படகு வைத்திருந்தவர்க்கும் குத்தகைக்கு எடுத்திருந்தவர்க்கும், அவர்களுடைய பழைய பிடிப்புக் கணக்குக்கேற்ப, விலையின்றி வழங்கப்பட்டது. அதே படகில் இருபதாண்டு கொக்கிக்கு இரை கோத்த கூலியாளுக்கு எதுவுமில்லை. அவன் மகன் கடலுக்குப் போக வேண்டுமானால் படகு வாங்கினால் மட்டும் போதாது. முதல் தலைமுறை இலவசமாகப் பெற்ற பங்கை இவன் கடன்பட்டு வாங்க வேண்டும். ஒருவர் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்பதற்கு அலாஸ்காவில் உச்சவரம்பு உண்டு. பின்னால் பங்கு வாங்கியவர் பெரும்பாலும் தாமே படகில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அத்தகைய விதி இல்லாமையால், பங்கைக் குத்தகைக்கு விட்டுக் கரையில் அமர்ந்திருப்போர் பெருகினர். மீன் விற்ற பணத்தில் பெரும்பகுதி குத்தகையாகவே போய்விடுகிறது. உழுதவன் கணக்குப் பார்த்த கதையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அலாஸ்கா வளைகுடாவின் சிற்றூர்கள் இன்னும் ஆழமாக அடிபட்டன. கைம்முடையில் ஒருவர் தம் பங்கை விற்றால் அது நகரத்துக்குப் போகும்; திரும்பி வராது. ஒவ்வொருவருக்கும் அது நியாயமான விற்பனை. ஊருக்கோ கடலே விற்றுப்போயிற்று. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் நீரில் வணிகத்துக்கு மீன்பிடிக்க அங்குப் பிறந்தவனுக்கு உரிமையில்லை. 2004-இல், சிற்றூர்கள் அமைப்பாகச் சேர்ந்து பங்கு வாங்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. அதற்குள் பங்கின் விலை ஏறிவிட்டிருந்தமையால் வாங்க முடிந்த ஊர்கள் மிகச் சிலவே. பழங்குடி மக்களும் ஊரகத்தாரும் தம் உணவுக்காகப் பிடிக்கும் உரிமையும் 2003-இல்தான் கூட்டரசு விதிகளில் முறையாக இடம்பெற்றது. மரக்கொக்கி செய்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அவர்கள் உணவை உண்ண இசைவளிக்க நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்றைய வழக்கு பெரிங் கடலில் நடக்கிறது. வேறு தட்டை மீன்களைப் பிடிக்கும் இழுவைக் கப்பல்களில் ஹாலிபட்டும் அகப்படுகிறது. அதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராது. செத்ததோ பிழைத்ததோ, கடலில் திருப்பி எறிந்தாக வேண்டும். அவற்றுள் சாகும் மீனுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பு நெடுங்காலம் நிலையான எண்ணாக இருந்தது. ஹாலிபட் குறைந்தபோது தூண்டில்காரனின் வரம்பு வெட்டப்பட்டது. எறிந்து வீணாக்கும் வரம்போ அப்படியே நின்றது. பெரிங் கடலின் நடுவே செயின்ட் பால் தீவில் ஹாலிபட்டை நம்பி வாழும் அலியூட் மக்கள் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் பேசினர். 2015-இல் அந்த எண் குறைக்கப்பட்டது. 2021 டிசம்பரில்தான், பெருங்கப்பல்களின் வரம்பும் கடலில் உள்ள ஹாலிபட்டின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்று வடபசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு முடிவு செய்தது. 2024 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆணையம் இன்றும் இருக்கிறது. நாட்டுக்கு மூவராக ஆறு ஆணையர்கள் ஆண்டுதோறும் கூடி வரம்பை வகுக்கின்றனர். 1980-களின் மீனோடு ஒப்பிட, அதே வயதுள்ள இன்றைய ஹாலிபட்டின் எடை மிகவும் குறைந்துள்ளது. ஏன் என்பதற்கு ஒருமித்த விடை இன்னும் கிடைக்கவில்லை. 2025-ஆம் ஆண்டுக்கு அவர்கள் வகுத்த மொத்த அளவு 2 கோடியே 97 இலட்சம் பவுண்டு; முந்தைய ஆண்டினும் ஆறில் ஒரு பங்கு குறைவு. தூண்டில்காரனின் விற்பனை மீன், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரின் மீன், தீவுக்காரர் உண்ணும் மீன் எல்லாம் அதற்குள் அடக்கம். இழுவைக் கப்பல் செத்துப்போக எறிந்த மீனும் அதே கணக்கில்தான் வருகிறது.