உப்பு, உதிரி பாகம், ஆர்.சி. புக்கு: ஒரு அம்பாசிடரின் ஆயுள் ரேகை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. (யாரும் தேடலைங்கிறது வேற விஷயம் :-)) போன வார இறுதியில மூலக்குளத்துல வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒரு பஞ்சாயத்துல மாட்டிக்கிட்டேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க வீட்டுல ஒரு அம்பாசிடர் இருக்கு. 1996 மாடல், பெட்ரோல். அப்பா 2001ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, அப்ப எனக்கு மூணு வயசு. 2011, 2016, 2021ன்னு மூணு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. இந்த 2026ல மறுபடி முடியுது. அப்பா புதுப்பிக்கணும்கிறார். நான் எடைக்குப் போட்டுடலாம்னு சொன்னேன். சொன்னதோட விட்டிருக்கலாம். பத்து வருஷச் செலவை எக்செல் ஷீட்டுல போட்டு வேற காட்டினேன். சாஃப்ட்வேர் புத்தி.

அப்பா ஷீட்டைப் பார்க்கவே இல்ல. "ஒரு காருக்கு ஆயுசு எத்தனைன்னு யாருடா சொல்றது? அதைச் சொல்லு மொதல்ல"ன்னு ஒரே கேள்வி. இன்ஜினியரிங் படிச்சவன் பதில் இல்லாம முழிச்சேன். அம்மா எந்தப் பக்கமும் சேராம காபியக் கொடுத்துட்டு வேடிக்கை பார்த்தாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க ஊர்ல கார் ஆயுசைப் பத்திப் பேசினா உப்புலதான் ஆரம்பிக்கணும். மூலக்குளம் கடற்கரையில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் மேற்கே, வில்லியனூர் போற ரோட்டுல இருக்கு. கடல் உப்பு காத்துல வர்றது கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக வேகமா குறைஞ்சிடும். ஆனா அப்பா வேலை பார்த்தது ஒயிட் டவுன் பக்கம். பதினஞ்சு வருஷம், பகல் பூரா வண்டி கடற்காத்துல நின்னுது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, அது தானாவே தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். மழையே வேண்டாம். புதுச்சேரியில ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டுறது சர்வ சாதாரணம். அதாவது, ஷெட்டுல தூங்கற வண்டியோட அடியில ராத்திரி பூரா உப்புத் தண்ணி. இரும்பு, உப்புத் தண்ணி, ஆக்சிஜன் மூணும் சேர்ந்தா ஒரு குட்டி பேட்டரிதான். கரையறது நம்ம இரும்பு.

மேல பளபளன்னு பாலிஷ் போட்டுட்டு அடியில பார்க்காம விட்டா அவ்ளோதான். டிங்கர் அண்ணன் ஒரு தடவை டிரைவர் சீட்டுக் கீழ மிதியடியத் தூக்கிக் காட்டினார். கீழ ரோடு தெரிஞ்சுது! தகரத்தை வெட்டி வெல்டு வச்சு சரி பண்ணினார். "துரு மேல தார் அடிச்சா துருவுக்குக் கம்பளி போத்தின மாதிரி தம்பி, உள்ள சொகமா வளரும்"னார். வெளிநாட்டுல 1970கள்லயே பாடியை பெயின்ட் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சி, சந்து பொந்தெல்லாம் ப்ரைமர் ஏற வைக்கிற முறையும், துத்தநாகம் பூசின தகடும் பரவ ஆரம்பிச்சுடுச்சு. இன்னிக்கு வர்ற கார் சீக்கிரம் துருப்பிடிக்காம இருக்க அதுதான் காரணம், கம்பெனிக்காரன் நல்ல மனசு இல்ல.

ஆனா உப்பு மட்டுமே காரணம்னா எங்க வண்டி எப்பவோ போயிருக்கணும். ஏன் போகல? இங்கதான் சரித்திரம் வருது.

இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்னு ஒரு கார் 1956ல வந்துச்சு. 1959ல நிறுத்திட்டாங்க. பொறந்த ஊர்ல அதுக்கு ஆயுசு மூணே வருஷம். அதையே பிர்லாவோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58 வாக்குல கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசிடர்னு பண்ண ஆரம்பிச்சு, 2014 மே 24 அன்னிக்குத்தான் நிறுத்தினாங்க. 56 வருஷம்! மூக்கு மாறுச்சு, எஞ்சின் மாறுச்சு, ஐசுசூ எஞ்சின் கூட வந்துச்சு. உடம்பு மட்டும் அதே உடம்பு.

அவ்ளோ உசத்தியான காரா? கிடையவே கிடையாது. ஹார்னைத் தவிர எல்லாமே சத்தம் போடும்னு ஒரு பழைய ஜோக் இருக்கு, அது பாதிக்கு மேல உண்மை. அது ஓடினதுக்குக் காரணம் தரம் இல்ல, வேற வழி இல்லாததுதான். 1950கள் ஆரம்பத்துல, இங்கயே படிப்படியா பாகங்களைத் தயாரிக்கற திட்டம் இருக்கறவங்க மட்டும் தொழில் நடத்தலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணிச்சு. பம்பாய்ல 1928ல இருந்து கார் பூட்டிக்கிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல மூட்டை கட்டிடுச்சு. ஃபோர்டும் போயிடுச்சு. மிச்சம் இருந்த கார் கம்பெனிகள்ல முக்கியமானது மூணு: கல்கத்தாவுல அம்பாசிடர், பம்பாய்ல ஃபியட், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு. மாருதி 1983 டிசம்பர்ல வர்ற வரைக்கும் மொத்த தேசத்துக்கும் வருஷத்துக்கு அம்பதாயிரம் காரைத் தாண்டினதில்ல. பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். அப்படிக் கெடைச்ச காரை யாராவது பத்து வருஷத்துல எடைக்குப் போடுவானா? போர் பண்ணி, ரிங் மாத்தி, ஹெட் இறக்கி, மறுபடி போர் பண்ணி ஓட்டினாங்க.

ஆனா காத்திருந்து வாங்கின எல்லா காரும் அப்படி நிலைக்கல. அதுக்கு சாட்சி நம்ம ஊர் கார்தான்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

1961ல வந்துச்சு. மெட்ராஸ் தயாரிப்பு. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டோட இந்திய வடிவம். டிசைன் பண்ணினது ஜியோவானி மிக்கெலொட்டிங்கிற இத்தாலிக்காரர். ரிப்பேர் பண்றதுக்குன்னே செஞ்ச மாதிரி கார் அது. அம்பாசிடர் மாதிரி ஒட்டுமொத்தமா வெல்டு பண்ணின கூடு இல்ல. தனி சேஸிஸ், அது மேல போல்ட்டு போட்டு முடுக்கின பாடி. மூஞ்சி மொத்தத்தையும் முன்னாடி கவிழ்த்துட்டு, டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். காகிதத்துல கணக்குப் போட்டா அம்பாசிடரை விட ஹெரால்டுதான் நீண்ட நாள் வாழ்ந்திருக்கணும்.

நடந்தது தலைகீழ். ஹெரால்டு போய் 1972ல கேஸல் வந்துச்சு, அதுவும் அஞ்சாறு வருஷத்துல நின்னுடுச்சு. அப்புறம் கம்பெனி வேன்தான் பண்ணிக்கிட்டிருந்தது. 1985ல ரோவர் உடம்புக்குள்ள பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினைப் போட்டு ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒண்ணு விட்டாங்க. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், பெட்ரோல் குடிக்கறதுலயும் ராஜாதான். 1988ல அதுவும் காலி. அதோட உதிரி பாகமும் காலி. ஒரு விளக்குக் கண்ணாடி உடைஞ்சா, ஒரு கேஸ்கெட் போனா, வண்டி அப்படியே தென்னை மரத்தடியில நின்னுடும். நின்ன வண்டிய உப்பு தின்னுடும். கார் சாகறது பல நேரம் எஞ்சின் போயி இல்லங்க, முந்நூறு ரூபா சாமான் கெடைக்காம.

அம்பாசிடர் பொழைச்சது இதே காரணத்தாலதான். 56 வருஷம் ஒரே உடம்புங்கறப்ப, ஒரு வண்டியோட கதவு இன்னொண்ணுக்குச் சேரும். உள்நாட்டுப் பாகம்தான் போடணும்னு விதி வந்ததால மெட்ராஸைச் சுத்தி பாகத் தொழிற்சாலைகள் முளைச்சுது. செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949, பாடியில லூகாஸ் டிவிஎஸ் 1961, பக்கத்துலயே பிரேக்ஸ் இந்தியா 1962ன்னு வரிசையா. புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு, கழட்டினது போதும்னா புதுப்பேட்டை. எங்க மெக்கானிக் அண்ணனுக்கு அம்பாசிடர் மேனுவல்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் கழட்டி மாட்டுவார்.

இதை ஒரு வெள்ளைக்காரர் தத்துவமாவே பிடிச்சுக்கிட்டார். இங்கிலாந்துல சார்லஸ் வேர்னு ஒருத்தர், பழைய மோரிஸ் மைனரைச் சரி பண்ணி ஓட்டினா புதுசு வாங்கறதை விட மலிவுன்னு சொல்லி அதையே தொழிலா வச்சிருந்தார். பாகம் கெடைக்கலன்னதும் எங்க வந்தார் தெரியுமா? இலங்கைக்கு. 1990கள்ல அங்க பட்டறை போட்டு மைனருக்குப் பாகம் செய்ய வச்சார். அதே இலங்கையில 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிறுத்தினாங்க, தனியார் காருக்கு 2025லதான் மறுபடி திறந்தாங்க. நடுவுல பழைய காரெல்லாம் வாங்கின விலையை விட அதிகத்துக்குப் போச்சு. கியூபாவும் இதே கதைதான்.

ஓட்டறவன் கையில ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. அமெரிக்காவுல இர்வ் கார்டன்னு ஒரு வாத்தியார். 1966ல வாங்கின வோல்வோவுல 2013ல முப்பது லட்சம் மைல் தொட்டார். ஆயிலை ஒழுங்கா மாத்தினார், அதோட அவர் ஓட்டினது பெரும்பாலும் நீண்ட தூரம். எஞ்சின் சூடேறி ஒரே சீரா ஓடினா தேய்மானம் கம்மி. வீட்டுக்கும் மார்க்கெட்டுக்குமா ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைச்சா, சூடாகாத ஆயில்ல ஈரமும் பெட்ரோலும் கலந்து எஞ்சினை உள்ளயே அரிக்கும். அப்பா ஓட்டறது ரெண்டாவது வகை. இதைச் சொன்னேன். முறைச்சார்.

பெட்ரோலும் ஒரு எமன். பழைய இரும்பு ஹெட் எஞ்சின்ல வால்வு உட்கார்ற இடத்தைப் பெட்ரோல்ல இருந்த ஈயம்தான் தேயாம காப்பாத்திச்சு. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துடுச்சு. மனுசனுக்கு நல்லது, வால்வுக்குக் கெட்டது. இப்ப 20 சதவீத எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்காது, நாங்க பெட்ரோல் ஹோஸ் பூராவும் மாத்திட்டோம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. எங்க தெருவுல வண்டிங்க பாதி முழுகி நின்னுது. பக்கத்து வீட்டு அங்கிளோட கார் வாங்கி மூணு வருஷம்தான். தண்ணி வயரிங்லயும் கம்ப்யூட்டர் பெட்டியிலயும் ஏறிடுச்சு. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்புல முக்கால் பங்கைத் தாண்டினா இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு எழுதிடுவாங்க. எழுதிட்டாங்க. எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க அம்பாசிடருக்கு ஆயில் எல்லாத்தையும் இறக்கி மாத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைச்சு, சீட்டை வெயில்ல போட்டோம். நாலாம் நாள் இருமிக்கிட்டே ஸ்டார்ட் ஆச்சு. அங்கிள் முகத்தை என்னால பார்க்க முடியல.

கடைசியா சட்டம். பம்பாய் டாக்ஸிக்கு 20 வருஷம்தான் கெடு. கடைசியா 2003 அக்டோபர்ல பதிவான ஃபியட் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோட ஓய்வு. ஓடற நிலையில இருந்தாலும் தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான். டெல்லியில டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15ன்னு தீர்ப்பாயம் சொல்லி, உச்ச நீதிமன்றம் 2018ல உறுதி பண்ணி, 2025ல விவகாரம் மறுபடி கோர்ட்டுக்குப் போச்சு. நம்ம பக்கம் சொந்தக் காருக்கு அப்படித் தடை இல்ல. ஆனா புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025ல 10,000 ஆக்கிட்டாங்க. புகைன்னு பார்த்தா இதுல நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க வண்டிக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றவங்களைக் கேட்டாலே தெரியும்.

ஒரு கொசுறு. அம்பாசிடர்ங்கிற பேரை 2017ல 80 கோடி ரூபாய்க்கு வாங்கினது யாரு தெரியுமா? பிரெஞ்சுக்கார பெஜோ கம்பெனி. அப்பாகிட்ட சொன்னேன். "பாத்தியா, கடைசில நம்ம ஊருக்கே வந்துடுச்சு"ன்னு ஒரே சிரிப்பு.

இதெல்லாம் படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி எக்செல் ஷீட்டை மூடினேன். தகுதிச் சோதனைக்குப் போறதுக்கு முன்னாடி அடித்தகரம் ரெண்டு இடத்துல வெட்டிப் போடணும், முன்கண்ணாடி ரப்பர் மாத்தணும். ரப்பர் இங்க கெடைக்கல. வர்ற சனிக்கிழமை அப்பாவும் நானும் புதுப்பேட்டை போறோம். பத்தாயிரத்துல பாதி நான் போடறதா ஒப்பந்தம்.

உங்க வீட்டுல ஹெரால்டோ கேஸலோ இருந்துச்சா? என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அதுக்கு முன்கண்ணாடி ரப்பர் எங்க கெடைச்சுதுன்னும் சேர்த்து.